தலையாட்டி வைத்தியர்

நொச்சிக் காட்டில் செம்பன் என்றொரு கீரி வைத்தியர் இருந்தார், குழந்தைகளே. பாம்புக்கடிக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. அவர் வேரை மென்று சாற்றை வாயில் விட்டால், துவண்டு கிடந்தவர்கள் எழுந்து நடப்பார்கள். வயிற்றுவலி என்று வந்த புலியையே, "ரெண்டு நாளைக்குக் கறி கிடையாது, போ" என்று அதட்டி அனுப்பியவர். அப்பேர்ப்பட்டவருக்கு வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் வாயே திறக்காது.

வீட்டில் அம்மா, அக்காள், மனைவி என்று மூன்று பேர். மூவரும் அவர்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். தொல்லையே அதுதான். வாசல் பக்கம் படு என்பாள் அம்மா. அங்கே சாரல் அடிக்கும் என்பாள் அக்காள். மனைவி இருவரையும் முறைப்பாள். பாவம், அவருக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது, படுத்தால் தூக்கம் வராது. யார் எது சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு வெளியே ஓடிவிடுவார்.

மழைக்காலம் நெருங்கியது. பாம்புகள் புற்றை விட்டுக் கிளம்பும் காலம். வைத்தியர் மருந்து வேரைத் தோண்டிக் குவித்தார். அதை நிழலில்தான் உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் குணம் போய்விடும். இது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மண்ணோடு இருந்தால் அது மருந்தா, ஓடையில் ஊறப்போட்டு அலசுகிறேன் என்றாள் அக்காள். வைத்தியர் தலையாட்டினார். ஈரம் போகப் பாறைமேல் நல்ல வெயிலில் போடுகிறேன் என்றாள் அம்மா. அதற்கும் ஆட்டினார். குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடும், வளைக்குள் பச்சை இலை போட்டு மூடி வைக்கிறேன் என்றாள் மனைவி. அதற்கும்தான். வேண்டாம் என்றால் ஒருத்தி முகம் வாடும், அப்புறம் நாளெல்லாம் பேச்சு. எதற்கு வம்பு என்று இருந்துவிட்டார்.

முதல் மழையன்று ஒரு முயல் தன் குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடிவந்தது. குட்டியின் பின்னங்காலில் பாம்பு கடித்திருந்தது.

வைத்தியர் இலையை விலக்கி ஒரு வேரை எடுத்துக் கடித்தார். கசப்பே இல்லை. வெறும் சக்கை. கொட்டும் மழையில், அந்த வேர் கிடைக்கும் புற்றுப் பக்கம் ஓடினார். மூன்று பெண்களும் பின்னாலேயே ஓடிவந்து, சேறும் சகதியுமாகத் தோண்டினார்கள்.

புதுவேர் வந்தது, குட்டி பிழைத்தது. ஆனால் மருந்து தாமதமானதால் கடிபட்ட கால் விளங்காமலே போய்விட்டது.

வீட்டில் மூவரும் முதல்முறையாக ஒரே பக்கம் நின்றார்கள்.

"நாங்கள் செய்தது தப்பு என்று உனக்குத் தெரியாதா, ராசா?" என்றாள் அம்மா.

"தெரியும் அம்மா."

"பிறகு ஏன் தலையாட்டினாய்?"

"உங்களில் ஒருவர் மனமும் கோணக் கூடாது என்றுதான்."

மனைவி வாசலைப் பார்த்தாள். முயல்குட்டி காலை இழுத்து இழுத்துத் தாய்க்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"எங்கள் கோபம் பொழுது சாய்வதற்குள் ஆறிவிடுமே, அந்தக் கால் ஆறுமா?" என்றாள்.

இந்தமுறை வைத்தியர் தலையாட்டவில்லை.

நீதி: வீட்டில் சண்டை வேண்டாம் என்று தெரிந்த உண்மையை விழுங்கினால், ஒன்றும் அறியாத ஒருவர் அதற்காக வலி சுமப்பார்.