கொன்றையூர் ராயரின் நெஞ்செரிச்சல்

கொன்றையூர் அரண்மனையில் அடுப்பு அணைந்ததாகச் சரித்திரமே கிடையாது. திருமேனிராயர் ஆள்கிறவரைக்கும் அது அணையப்போவதும் இல்லை. விடிந்ததும் நெய்யப்பம். வெயில் ஏறினால் மிளகு வறுவல். நடுவில் வாய் சும்மா இருக்கக் கூடாதே என்று மடியில் ஒரு கிண்ணம் சீடை. இப்படிச் சாப்பிட்டால் நெஞ்சு எரியாமல் என்ன செய்யும்? எரிந்தது. வயிற்றில் புண்ணும் வந்தது.

அரண்மனை வைத்தியர் செங்கமலத்தம்மாள் சங்கு பஸ்பம் கொடுத்தார். வயிற்றுப் புளிப்பை அடக்குகிற மருந்து அது. ‘மோரில் குழைத்து, உணவுக்கு முன், ஒரு மண்டலம்’ என்று ஓலையில் எழுதியும் கொடுத்தார். பதினைந்து நாள் ஆயிற்று. எரிச்சல் போகவில்லை. பழி யார்மேல் விழும்? சாப்பிட்ட வாயை எவனாவது குறை சொல்வானா? மருந்து செய்த கையைத்தான் சொன்னார்கள்.

முதலில் சொன்னவர் பிரதானி ஆவுடையப்பர். தம் மைத்துனரை அரண்மனை வைத்தியராக்க அவருக்கு நெடுநாள் ஆசை.

“பொம்பளை செய்த மருந்து, மகாராஜா. புடம் போட்டாளோ, புட்டு அவித்தாளோ!”

ராயர் நெஞ்சைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். “நாளைக்குச் சூரியன் மறைவதற்குள் எரிச்சல் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் அம்மாள் எல்லையைத் தாண்டிவிட வேண்டும். என் சாப்பாட்டில் ஒரு பண்டத்தையும் குறைக்கச் சொல்லக் கூடாது. எழுது, வடிவு!”

வடிவுடையாள் அரசாணை எழுதுகிறவள். எழுத்தாணியை எடுத்து ஆணையை எழுதி முடித்தவளுக்கு மனம் ஒப்பவில்லை. இருபது வருஷம் இந்த ஊர் வயிறுகளைக் காப்பாற்றியவரை ஒரு கிண்ணம் சீடைக்காகத் துரத்துவதா? உள்ளுக்குள் கொதித்தது. கொதித்து என்ன பயன்? கோபத்தைக் காட்டினால் இரண்டு பேராக எல்லை தாண்ட வேண்டியதுதான்.

“ஒரு விண்ணப்பம், மகாராஜா. நாளைக்கு மருந்தை நானே கொடுக்கிறேன். ஓலையில் இருக்கிறபடி. ஓர் எழுத்துக்கூட மாறாமல்.”

“தாராளமாகக் கொடு. ஆனால் பண்டம்?”

“ஒன்றையும் குறைக்க வேண்டாம்.”

வெளியே வந்ததும் செங்கமலத்தம்மாள் அவள் காதைத் திருகாத குறை. “என்னடி இது? இவர் தின்கிற தீனிக்கு எப்படியடி அடங்கும்?”

“நீங்கள் எழுதினதை நீங்களே மறந்துவிட்டீர்களா அக்கா? பேசாமல் வந்து பாருங்கள்.”

மறுநாள் விடிந்ததும் மோர்க் கிண்ணத்தோடு ராயரிடம் போய் நின்றாள். ராயர் வாயில் நெய்யப்பம்.

“கொடு, கொடு.”

“மன்னிக்க வேண்டும், மகாராஜா. இது பின்.”

“எது பின்?”

“அப்பத்துக்குப் பின். ஓலையில் ‘முன்’ என்றல்லவா இருக்கிறது?”

“சரி, வறுவலுக்கு முன் என்று வைத்துக்கொள்!”

“அதுவும் அப்பத்துக்குப் பின்தானே? ‘முன்’ வரட்டும். நான் காத்திருக்கிறேன்.”

ராயரும் காத்திருந்தார். ஆனால் கை சொன்ன பேச்சைக் கேட்குமா? அது தன் போக்கில் மடிக்குப் போயிற்று. கடுக்!

“போச்சு, மகாராஜா. வந்துகொண்டிருந்த ‘முன்’ திரும்பிப் போய்விட்டது.”

பிரதானிக்கு ஒரே குஷி. பொழுது இப்படியே போனால் மைத்துனருக்குப் பதவி நிச்சயம். தாமே ஒரு தட்டை ஏந்தி வந்தார். “சுடச்சுட வடை, மகாராஜா. ஒன்றே ஒன்று.”

ராயர் கடித்துவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தார். “வடிவு… இது?”

“பின்.”

நெஞ்சு திகுதிகுவென்று எரிந்தது. “அந்தப் பாழாய்ப்போன ‘முன்’ எப்போதுதான் வரும்?”

“வயிறு காலியானால் வரும், மகாராஜா,” என்றார் செங்கமலத்தம்மாள். “ஒரு சாமம் ஆகும்.”

ராயர் சீடைக் கிண்ணத்தைத் தூக்கிப் பிரதானி கையில் வைத்தார். “நீரே பிடித்துக்கொள்ளும். இன்னொரு முறை என் பக்கம் எதையாவது நீட்டினால், எல்லையைத் தாண்டப்போவது நீர்தான்!”

ஒரு சாமம் என்பது எவ்வளவு நீளம் என்று ராயர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். எழுந்தார், உட்கார்ந்தார், தூணை எண்ணினார். வெயில் சாய்ந்தது. கடைசியில் கிண்ணம் அவர் கைக்கு வந்தது. குடித்தார். அரை நாழிகை கழித்து நெஞ்சைத் தடவினார். தடவ அங்கே ஒன்றும் இல்லை!

“இதே மருந்துதானே? பதினைந்து நாளாக ஏன் கேட்கவில்லை?”

“அம்மாள் கேட்டதில் ஒன்று மட்டும் அரண்மனையிலிருந்து வரவில்லை, மகாராஜா,” என்றாள் வடிவு. “சங்கு வந்தது. மோர் வந்தது.”

“என் களஞ்சியத்தில் இல்லாத பொருளா? என்ன அது?”

“‘முன்’தான், மகாராஜா!”

ராயருடைய தொந்தி முதலில் குலுங்கியது. சிரிப்பு அப்புறம்தான் வந்தது. நாடுகடத்தும் ஓலையை வாங்கித் தம் கையாலேயே கிழித்துப் போட்டார்.

“சிரித்தது போதும்,” என்றார் செங்கமலத்தம்மாள். “எரிச்சல் அடங்கினால் புண் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. மண்டலம் முழுக்க மருந்து வேண்டும். மிளகு வறுவலைப் பற்றியும் நாம் பேசியாக வேண்டும்.”

“பேசுவோம் அம்மா, பேசுவோம்.” ராயர் வடிவின் பக்கம் திரும்பினார். “உனக்கு என்ன பரிசு வேண்டும்? கூச்சப்படாமல் கேள்.”

வடிவு காலிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“விடிந்ததிலிருந்து எனக்கு ஒரே ‘முன்’ ஆகவே இருக்கிறது, மகாராஜா. முதலில் கொஞ்சம் ‘பின்’ கொடுக்கச் சொல்லுங்கள்!”