இரண்டு ஹாலும் திருப்பியனுப்பிய பாட்டு

"டீச்சர், கோடு எங்கே இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் அருளப்பன் கேட்டுவிட்டார்.

மெஹருன்னிசா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"எந்தக் கோடுங்ணா?"

"டெக்னோ எங்கே முடியுது, இண்டஸ்ட்ரியல் எங்கே ஆரம்பிக்குது? அந்தக் கோடு."

சிஷ்யருக்கு வயது ஐம்பத்து நாலு. டீச்சருக்கு முப்பத்தொன்று. கோவை கோட்டைமேட்டில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில், டெக்னோ, இண்டஸ்ட்ரியல் என்று மின்னிசை வகைகளைக் கம்ப்யூட்டரில் செய்யச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் மெஹருன்னிசா. அங்கே வந்தவர்களில் தலை நரைத்தவர் அருளப்பன் ஒருவர்தான்.

கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. இருபத்தெட்டு வருஷம். கடைசல் முடிந்து வரும் ஷாஃப்டைக் கையில் எடுப்பார், அளப்பார், "ஓகே" என்பார், அல்லது "ரிஜெக்ட்" என்பார். அவர் சொன்ன பிறகு மேனேஜர்கூட வாய் திறப்பதில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில், பக்கத்து சீட்டில் இருந்த பயிற்சிப் பெண்ணின் இயர்போனிலிருந்து ஒரு சத்தம் கசியக் கேட்டார். பாட்டு இல்லை, ராகம் இல்லை. மிஷினே எழுந்து நின்று ஆடுவது போல ஒரு சத்தம். "ஒரு காதுக்கு எனக்கும் கொடும்மா" என்று வாங்கிக் கேட்டார். இறங்கவேண்டிய ஸ்டாப் போய்விட்டது.

அது போன வருஷம். எட்டு மாதமாக மெஹருன்னிசாவிடம் கற்றுக்கொள்கிறார். இப்போது சொந்தமாக ஏழு நிமிஷத்துக்கு ஒரு பாட்டு செய்துவிட்டார்.

அதில்தான் வந்தது வினை.

ஆடி மாதம். முகூர்த்தம் இல்லாமல் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடந்தன. ஊரிலிருந்த மின்னிசைக்காரர்கள் சேர்ந்து சிங்காநல்லூரில் ஒரு மண்டபத்தைப் பிடித்து, வரும் ஞாயிறு மதியம் விழா என்று வைத்திருந்தார்கள். மாடியில் முகூர்த்த ஹாலில், சீரான தாள அடியில் ஆடவைக்கும் டெக்னோ. கீழே சாப்பாட்டு ஹாலில், ஆலைச் சத்தம் போல உராயும் இண்டஸ்ட்ரியல்.

"மேல் ஹாலுக்கு அனுப்பினேனுங்க" என்றார் அருளப்பன். "பொறுப்பா இருக்கற ஜெயதேவ் தம்பி கேட்டுச்சு. 'சார், அடி நாலு நாலா நேராப் போகுது, அது சரி. ஆனா அதுக்கு மேல ஒரே கரகரப்பு, தகரத்தைத் தரையில இழுக்கற மாதிரி. இது இண்டஸ்ட்ரியல், கீழே குடுங்க'ன்னுடுச்சு."

"கீழே குடுத்தீங்களா?"

"குடுத்தேன். அங்கே பொறுப்பா இருக்கற ஃப்ளோரா மேடம் கேட்டாங்க. 'கரகரப்பு பிரமாதம் சார். ஆனா அடி இப்படி ஒரே சீரா, ஆட வா வான்னு கூப்பிடுதே. இது டெக்னோ, மேலே குடுங்க'ன்னுட்டாங்க."

அருளப்பன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இருபத்தெட்டு வருஷமா ரிஜெக்ட் போட்டிருக்கேன் டீச்சர். ஒரு தடவைகூட வாங்கினதில்லை. இப்ப ஒரே நாள்ல ரெண்டு."

மெஹருன்னிசா ஒரு ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினார்.

"கோடு எங்கேன்னு சொல்லுங்க. அரை இஞ்ச் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளி வெச்சுடறேன். ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்குது."

"பாட்டைப் போடுங்க."

போட்டார். ஏழு நிமிஷமும் கண்ணை மூடிக் கேட்டார் மெஹருன்னிசா. பிறகு சொன்னார்:

"இதை ரெண்டா வெட்டிக் கொண்டாங்க."

"நடுவாலயா?"

"இல்லைங்ணா. நீளவாக்குல. டெக்னோ ஒரு பக்கம், இண்டஸ்ட்ரியல் ஒரு பக்கம். ஒண்ணுல ஒண்ணு ஒட்டியிருக்கக் கூடாது."

அருளப்பன் முகம் மலர்ந்தது. பிரித்துப் போடுவது அவருக்குக் கைவந்த கலை.

அன்று சாயங்காலமே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தார்.

முதலில் கரகரப்பை முழுக்க நிறுத்தினார். அடி மட்டும் தனியாக ஓடியது. தும், தும், தும், தும். "இதோ டெக்னோ" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

பிறகு காதைக் கிட்டே வைத்துக் கேட்டார்.

ஒவ்வொரு அடியின் வாலிலும் மெல்லிசாக ஒரு கரகரப்பு இருந்தது. அடிக்கு வலு வேண்டுமென்று, சத்தம் உடைகிற அளவுக்கு அவரே ஏற்றி வைத்ததுதான். அதையும் வழித்தெடுத்தார். அடி, அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல ஆகிவிட்டது.

சரி, அந்தப் பக்கம் பார்ப்போம் என்று அடியை நிறுத்தினார். கரகரப்பு மட்டும் ஓடியது. "இதோ இண்டஸ்ட்ரியல்."

சமையலறையிலிருந்து மனைவி ஃபிலோமினா குரல் கொடுத்தார். "ஏங்க, மிக்ஸி ஏதாச்சும் ஓடிட்டிருக்குதா?"

"இல்லை ஃபிலோ, நான்தான்."

"அப்புறம் ஏன் காலைத் தட்டறீங்க?"

குனிந்து பார்த்தார். கால் தட்டிக்கொண்டுதான் இருந்தது. அடியே இல்லாத சத்தத்துக்கு! மறுபடி கேட்டார். கரகரப்பு தானே ஏறி, தானே இறங்கி, நாலு நாலாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்த ஏற்ற இறக்கத்தை நேராக்கினார். குழாயைத் திறந்து விட்டது போல 'ஸ்ஸ்' என்று கொட்டியது. அதில் ஒன்றுமே இல்லை.

நாலு நாள் வெட்டினார். இருபது விதமாக வெட்டினார். சனிக்கிழமை காலை சட்டையின் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கோட்டைமேட்டுக்கு ஓடினார்.

"டீச்சர்! அடிக்குள்ளே கரகரப்பு இருக்குது!"

"அப்படியா?"

"கரகரப்புக்குள்ளே அடி இருக்குது!"

"எடுத்துப் பார்த்தீங்களா?"

"எடுத்தா செத்துப்போகுதுங்க."

"எது?"

"ரெண்டுமே!"

தோற்றுப்போய் வந்தவர் ஏன் இப்படித் துள்ளுகிறார் என்று அவருக்கே புரியவில்லை. மெஹருன்னிசா சிரித்தார்.

"நாளைக்கு மண்டபத்துக்கு வாங்க."

"நான் எதுக்குங்க? ரெண்டு பேரும்தான் வேண்டாம்னுட்டாங்களே."

"கேட்கறதுக்கு ஆருங்ணா வேண்டாம்னாங்க? லேப்டாப்பையும் எடுத்துட்டு வாங்க."

ஞாயிறு மூன்று மணிக்கு அருளப்பன் போனபோது மண்டபமே அதிர்ந்துகொண்டிருந்தது. போன முகூர்த்தத்துப் பன்னீர்ச் சொம்பு வரவேற்பு மேஜையில் தானாக நடுங்கியது. மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே, படி திரும்பும் இடத்தில் மெஹருன்னிசா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வகுப்பில் வைத்திருக்கும் பெரிய ஸ்பீக்கர். கையில் டீ.

"எந்த ஹாலுக்குங்க போலாம்?"

"உட்காருங்க முதல்ல."

உட்கார்ந்தார். ஒரு காதில் தும் தும் என்று அடி. இன்னொரு காதில் இரும்பு உராயும் ஓலம்.

"இப்ப நல்லாத் தெரியுதுங்க" என்றார். "மேல அடிக்குது, அது டெக்னோ. கீழ உராயுது, அது இண்டஸ்ட்ரியல்."

"போய்ப் பார்த்துட்டு வாங்க."

அருளப்பன் மாடிக்குப் போனார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் மேடையில் ஒருவன் நின்று, நூறு தகரத்தை ஒன்றாகக் கிழிப்பது போல ஒரு சத்தத்தை விட்டுக்கொண்டிருந்தான். அடியே இல்லை. அதற்கு முன்னால் கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தது ஜெயதேவ்.

அப்படியானால் அந்தத் தும் தும்? உள்ளங்காலில் ஏறியது. தரைக்குக் கீழே இருந்து வந்துகொண்டிருந்தது.

அருளப்பன் கீழே ஓடினார். டீச்சரைத் தாண்டும்போது நிற்கவில்லை.

சாப்பாட்டு ஹாலில் பெஞ்சுகளை ஓரம் தள்ளியிருந்தார்கள். அடி நாலு நாலாக, நூல் பிடித்தது போல நேராக விழுந்துகொண்டிருந்தது. ஃப்ளோரா மேடம் இரண்டு கையையும் தூக்கி ஆடிக்கொண்டிருந்தார்.

படி திரும்பும் இடத்துக்கு ஓடி வந்தார். "டீச்சர்! மேல உராயுது! கீழதான் அடிக்குது!"

"அப்படியா?"

"நீங்களே கேளுங்க!"

இருவரும் காது கொடுத்தார்கள்.

"இல்லையே, இப்ப மேலயும் அடிக்குதே?" என்றார் மெஹருன்னிசா.

மறுபடி மாடிக்கு ஓடினார். அடித்துக்கொண்டுதான் இருந்தது. தகரம் கிழித்தவனே அடித்துக்கொண்டிருந்தான். மறுபடி கீழே. அங்கே அடி உருகி, இழுபட்டு, ஓலமாகிக்கொண்டிருந்தது. எந்த இடத்தில் ஆனது என்று பிடிக்க அப்படியே நின்று கேட்டார். பிடிபடவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஆகிவிட்டிருந்தது.

சட்டை நனைந்துவிட்டது. நாலாவது தடவை ஏறி வந்து படியில் பொத்தென்று உட்கார்ந்தவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"டீச்சர், எனக்குப் போட்டாங்களே ரிஜெக்ட்!"

"போட்டாங்க."

"அவங்க என்ன ஆடறாங்கன்னு அவங்களுக்கே தெரியலீங்களா?"

மெஹருன்னிசா டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஸ்பீக்கர் ஒயரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"எங்கேங்க டீச்சர்? மேலயா, கீழயா?"

"பிளக் பாயிண்ட் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்குதுங்ணா."

அருளப்பன் திரும்பிப் பார்த்தார். இருந்தது.

செருகினார். லேப்டாப்பைத் திறந்தார். வெட்டிய இருபதையும் விட்டுவிட்டு, முதலில் செய்த முழுப் பாட்டைப் போட்டார்.

முகம் கழுவிவிட்டு மாடிக்கு ஏறிக்கொண்டிருந்த ஒருவன், ஈர முகத்தோடு நின்றான். ஒரு காலை மேல்படியில் வைத்தவன் வைத்தபடியே தலையை ஆட்ட ஆரம்பித்தான். அவனுக்குப் பின்னால் வந்த இரண்டு பேருக்குப் போக வழியில்லை. அவர்களும் நின்றார்கள். நின்றவர்கள் சும்மா நிற்கவில்லை.

மாடியிலிருந்து டீ குடிக்க இறங்கினவர்கள் இறங்கவில்லை. கீழேயிருந்து என்ன கூட்டம் என்று பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. மூன்று நிமிஷத்தில் படிக்கட்டு நிறைந்துவிட்டது. கைப்பிடிக் கம்பி அதிர்ந்தது. மாட்டியிருந்த 'நல்வரவு' போர்டு சுவரில் தாளம் போட்டது.

மேலே ஜெயதேவ் எட்டிப் பார்த்தான். கீழே ஃப்ளோரா மேடம் எட்டிப் பார்த்தார்.

"உங்க ஆளா?" என்று மேலிருந்து கத்தினான்.

"உங்க ஆளுன்னுல்ல நினைச்சேன்!" என்று கீழேயிருந்து கத்தினார்.

கத்தும்போதே இருவர் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது.

அருளப்பன் டீச்சர் முகத்தைப் பார்க்கத் திரும்பினார். அவர் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது. மெஹருன்னிசா கூட்டத்துக்கு நடுவில், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்.

யாரோ அருளப்பன் தோளைத் தொட்டார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி. முதுகில் புத்தகப் பை. முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு. சத்தத்தில் அவர் காதருகே வந்து கத்தினாள்.

"அங்கிள், செமையா இருக்கு! இதுக்குப் பேரு என்ன? டெக்னோவா? இண்டஸ்ட்ரியலா?"

அருளப்பன் அவளைப் பார்த்தார். லேப்டாப் திரையைப் பார்த்தார்.

"இன்னும் மூணு நிமிஷம்தான் இருக்கும்மா" என்று கத்தினார். "பையைக் கழட்டி இப்படிக் குடு!"