எவ்வளவு கனத்தில் மெத்தை

திருவரசு ஆம்பூரில் மருந்துக் கடை வைத்திருப்பவர். ஐம்பதை நெருங்கும் வயதில் அவருக்குப் பாறை ஏறும் கிறுக்குப் பிடித்தது. கயிறு கிடையாது, கையும் காலும்தான். கற்றுக்கொடுத்த நிலோஃபருக்கு அவருடைய மகள் வயது. இருந்தும் அவளை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்.

போன வருடம் ஒரு சின்னப் பாறையிலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதன் பிறகு பாறையில் கை வைப்பார், காலைத் தரையிலிருந்து எடுக்க மாட்டார். மழைக்காலத்துக்குள் அதே பாறையில் ஏறாவிட்டால் இந்தப் பக்கமே வரப்போவதில்லை என்று சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற ஆள். நிலோஃபருக்கு அதுதான் கவலை.

ஒருநாள் கேட்டார்.

"மாஸ்டர், வுழுந்தா தாங்குற மெத்தைய நானே வீட்ல தெச்சிடலாம்னு இருக்கேன். எவ்ளோ கனமா இருந்தா பயம் போவும்?"

"தெச்சுப் பாருங்க சார்."

ஷூ கம்பெனிகள் நிறைந்த ஊரில் ஃபோமுக்கும் ரெக்சினுக்கும் என்ன பஞ்சம்? அடியில் கெட்டி ஃபோம், மேலே மெத்தென்ற ஃபோம், சுற்றிலும் ரெக்சின், தோளில் மாட்ட வார். மனைவியின் தையல் மெஷினில் ஊசி ஊசியாக உடைத்து ஒருவழியாக முடித்தார். பாறைக்கு அடியில் அதை விரித்தபோது பெண் வீட்டுச் சீர்வரிசைக் கட்டிலுக்கு வாங்கியது போல இருந்தது.

நிலோஃபர் பக்கத்தில் இருந்த ஒரு குட்டைக் கல்லைக் காட்டினாள்.

"அதுலேர்ந்து இதுல குதிங்க."

குதித்தார். கால் மெத்தைக்குள் புதைந்து, கணுக்கால் லேசாகப் பிசகியது. அவருக்கு உயிர் போய் வந்தது.

அவள் மெத்தையைக் குப்புறப் புரட்டிப் போட்டாள்.

"இப்ப குதிங்க."

கால் புதையாமல் நின்றது. திருவரசுக்கு ஒன்றும் புரியவில்லை.

"கெட்டியா இருக்கறதா மேல வரணும்?"

"ஆமா."

"மெத்துன்னு இருந்தாதானே அடி படாது?"

"நீங்க தூங்கறதுக்குத் தெச்சிருக்கீங்க சார்."

அவர் மெத்தையைத் தடவிக்கொண்டே நின்றார்.

"பயம் போச்சா?" என்று கேட்டாள்.

"போவலயே."

"சரி."

என்ன சரி என்று அவருக்கு விளங்கவில்லை. கனம் போதவில்லை என்று அவராக முடிவு செய்துகொண்டார். அடுத்த வாரம் இன்னொரு மெத்தை வந்தது. கெட்டி மேலே இருந்தது. பயமும் அப்படியே இருந்தது. மறுபடி தைத்தார். கூடத்தில் உட்கார இடமில்லை என்று மனைவி சத்தம் போட்டாள். மருந்து வாங்க வந்தவர்கள் பூட்டிய கடையைப் பார்த்துத் திரும்பினார்கள். மனுஷன் குனிந்த தலை நிமிரவில்லை.

வானம் மூட ஆரம்பித்த ஒரு ஞாயிறு, லோடு ஆட்டோவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். இடுப்பளவுக்கு உயர்ந்தது. மேலே ஏறி நின்று இரண்டு காலாலும் அமுக்கிப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"மாஸ்டர், போச்சு."

"எது?"

"பயம். சுத்தமா இல்ல."

"கைய மேல தூக்குங்க."

தூக்கினார். பாறையின் உச்சி விளிம்பு கையில் பட்டது.

"ஏறுங்க சார்."

அவர் விளிம்பைப் பார்த்தார். பிறகு காலடியில் இருந்த அடுக்கைப் பார்த்தார். ஒரு எம்பு எம்பினால் உச்சி; ஏறுவதற்கென்று அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கையைக் கீழே போட்டுவிட்டார். சின்னப் பிள்ளை மாதிரி அழுகை வந்தது.

"அப்ப எவ்ளோ கனம்தான் வெக்கறது? ஒழுங்கா ஒரு பதில் சொல்லுங்க மாஸ்டர்."

"எறங்கி ஒண்ணு ஒண்ணா எடுங்க."

"எது வரைக்கும்?"

"பயம் வர்ற வரைக்கும்."

"அது போவணும்னுதானே இத்தினி நாளா தெச்சேன்?"

அவர் குழப்பத்தோடு இறங்கினார். ஒன்றை இழுத்துப் புல்லில் போட்டுவிட்டுப் பாறையைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். எடுக்க எடுக்கப் பாறை உயர்ந்துகொண்டே போனது. கடைசியில் ஒரே ஒரு மெத்தை மிஞ்சியது. அதன் மேல் நின்றார். உள்ளங்கை ஈரமாகிவிட்டது.

"மாஸ்டர், வந்திடுச்சு."

"அப்ப ஏறுங்க சார்."