நரி போட்ட மதிப்பெண்

குளக்கரைப் புதர்க்காட்டுக்கு ஒரு நரி குணம் அளக்க வந்தது. நரி ஒரு நல்ல காரியம் செய்ய வந்தது என்றாலே எனக்குச் சந்தேகம்தான். அங்கே யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை.

"எல்லாருக்குள்ளயும் அஞ்சு குணம் இருக்கு. தைரியம், பொறுப்பு, அன்பு, ஆர்வம், கலகலப்பு. ரெண்டு கேள்வி கேட்டு, பத்துக்கு எத்தனைன்னு சொல்லிடுவேன்!" என்றது நரி.

முயலும் அணிலும் ஓடிவந்து வரிசையில் நின்றன. தன்னைப் பற்றிப் பிறர் சொல்லிக் கேட்பதில் அப்படி ஓர் ஆசை!

கௌதாரியின் முறை வந்தது. அதற்கு ஆறு குஞ்சுகள்.

"குஞ்சுகளைத் தனியா விட்டுட்டு இரை தேடப் போவியா?"

"போவேன். பக்கத்துலதான்."

"சத்தம் கேட்டா பதறுவியா?"

"கொஞ்சம்..."

"தைரியம் பத்துக்குப் பத்து! உன்னை மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததே இல்ல!"

கௌதாரிக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்து ஆட்காட்டிக் குருவி. யார் வந்தாலும் கத்தி ஊரைக் கூட்டுகிற பறவை அது. அதனிடம் நரி கேள்வியே கேட்கவில்லை.

"தைரியம் பூஜ்யம்! இது கத்தினா யாரும் பெருசா எடுத்துக்காதீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். குருவிக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் அது கௌதாரியிடம் கேட்டது:

"அக்கா, அங்க பன்றி மேயுது, எருமை நிக்குது. அதுங்களை ஏன் அளக்கல? நரி வாய்க்குள்ள அடங்குறவங்களை மட்டும்தானே அளந்துச்சு?"

"பயந்தாங்கொள்ளிக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்!" என்றது கௌதாரி.

மறுநாள் கௌதாரி குளத்தின் அக்கரைக்கே போய்க் கரையான் கிளறியது. தைரியசாலி அல்லவா! அப்போது குருவி அலறியது. கௌதாரி தலையைத் தூக்கிப் பார்த்தது. 'அது குணம் அப்படி' என்று மறுபடியும் கிளறத் தொடங்கியது.

அலறல் ஓயவில்லை. கௌதாரி கிளறுவதை விட்டுவிட்டுக் கிளம்பியது. பறந்து வந்து பார்த்தால், முள்புதருக்குள் ஐந்து குஞ்சுகள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஆறாவது குஞ்சைக் காணவில்லை.

நரி வாயை நக்கிக்கொண்டு நின்றது.

"பாவி! அப்போ நீ அளந்ததெல்லாம் பொய்யா?" என்று கதறியது கௌதாரி.

"அந்த அஞ்சும் சும்மா சொன்னது. நான் நிஜமா அளந்தது ஒரே ஒரு குணம்தான். புகழ்ந்தா நம்பிடுவியான்னு பார்த்தேன். அதுல உனக்குக் குறையே இல்ல!" என்று சொல்லிவிட்டு நரி நடையைக் கட்டியது.

நம் குணம் இன்னதென்று ஒருவர் சொன்னால், அதை நாம் நம்புவதால் அவருக்கு என்ன லாபம் என்று முதலில் பார்க்க வேண்டும்.