வேலுத்தாய் கடையில் ரிட்டர்ன் நின்ற விதம்

போடிநாயக்கனூரில் இலவம்பஞ்சுத் தலையணை விற்கும் வேலுத்தாய்க்கு ஒரு சங்கடம் இருந்தது. அவளிடம் வேலை பார்த்த மூன்று பேரும் புருஷன் வழிச் சொந்தம். புத்தி மட்டு என்று தெரிந்தும் நிறுத்த முடியாது. நிறுத்தினால் அடுத்த கல்யாண வீட்டில் யார் முகத்திலும் முழிக்க முடியாது. மூவரில் மூத்தவன் சன்னாசி. ஒச்சப்பனும் காமுத்துரையும் எதைச் செய்வதானாலும் அவனைக் கலந்துகொண்டுதான் செய்வார்கள். அதனாலேயே அந்தக் கடையில் எந்தத் தப்பும் அரைகுறையாக நின்றதில்லை.

வியாபாரம் முழுக்க ஆன்லைனில்தான். எங்கெங்கோ இருப்பவர்கள் படத்தைப் பார்த்து ஆர்டர் போடுவார்கள். இங்கே பெட்டியில் வைத்து ஒட்டிக் கூரியரில் ஏற்றுவார்கள். பிடிக்காதவர்கள் திருப்பி அனுப்புவார்கள். அதற்கு ரிட்டர்ன் என்று பெயர். கொஞ்ச நாளாகப் போனதில் பாதி திரும்பி வந்துகொண்டிருந்தது. தளத்தை நடத்துகிற கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, மாசக் கடைசிக்குள் ரிட்டர்ன் குறையாவிட்டால் கடையைத் தளத்திலிருந்தே எடுத்துவிடுவோம் என்று மிக மரியாதையாகச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து வேலுத்தாயின் மகளுக்கு மதுரையில் பிரசவம். பஸ் ஏறுமுன் சன்னாசியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, மூணே விஷயம்தான். பெட்டி சின்னதா இருக்கணும், பெருசானா கூரியர்க்காரன் கூடக் கேக்குறான். திரும்பி வர்றத நல்லா சோதிச்சுப் பாத்துத்தான் உள்ள எடுக்கணும். வாங்குனவுக கோவப்பட்டாலும் நீங்க கோவப்படக் கூடாது."

"சரி மதினி," என்றான் சன்னாசி. சாவியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டான். மதினி வரும்போது கடை அவள் விட்டுப்போனதைவிட நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார நினைத்தான். சும்மா இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

சின்னப் பெட்டி என்றால் எவ்வளவு சின்னது என்று மதினி சொல்லவில்லை. ஆகவே இருப்பதிலேயே சின்னதாக, வளையல் வைக்கிற பெட்டிகளை வாங்கிவந்தார்கள். தலையணை அதற்குள் போக மறுத்தது. மூவரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"தலையணையில இடத்தை அடைக்கிறது எது?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

"பஞ்சு," என்றான் காமுத்துரை.

"பஞ்சுக்குக் கனம் உண்டா?"

"ஏது கனம். ஊதுனா பறக்குது."

"கனமே இல்லாத சாமான அனுப்புனாலும் ஒண்ணுதான், அனுப்பாட்டியும் ஒண்ணுதான்."

சன்னாசி வெகு நேரம் யோசித்தான். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் பேச்சு சரியாகவே இருந்தது. பஞ்சை உருவிவிட்டு உறையை மட்டும் மடித்து அனுப்பினார்கள். பெட்டி கச்சிதமாக மூடியது.

அனுப்பிய அத்தனையும் திரும்பி வந்தன. உள்ளே பஞ்சு இல்லை என்று எல்லோரும் சொல்லிவைத்தாற்போல எழுதியிருந்தார்கள். சன்னாசிக்கு மனசு விட்டுப்போயிற்று. ஆனால் கோபப்படக் கூடாதே. "பஞ்சுதானே கேக்குறாக, குடுத்துருவோம்," என்று பஞ்சை மட்டும் அமுக்கி அமுக்கி அடைத்து அனுப்பினான். உறையைப் பற்றி யாரும் கேட்டிருக்கவில்லை.

சிவகங்கையில் ஒரு அம்மாள் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோற்றிலும் பஞ்சு, சாமி படத்திலும் பஞ்சு. மாமனார் தும்மலை நிறுத்தவே இல்லை என்று அந்த அம்மாள் போனில் சொன்னார். சன்னாசி கொஞ்சமும் கோபப்படாமல் கேட்டுக்கொண்டான்.

இதற்கிடையில் பழைய சரக்கும் திரும்பி வந்தபடி இருந்தது. அதைச் சோதிக்க வேண்டுமே. தலையணையைச் சோதிக்க அதில் தலை வைத்துப் படுப்பதைத் தவிர வேறு வழி மூவருக்கும் தெரியவில்லை. காலையில் கடை திறந்து, ஆளுக்கொரு தலையணையில் படுத்தார்கள். கூரியர்க்காரர் வந்து தட்டினார், கூப்பிட்டார், போய்விட்டார். மத்தியானம் சன்னாசி ஒச்சப்பனை எழுப்பினான்.

"சோதிச்சாச்சா?"

"பாதிதான் ஆயிருக்கு. கனவுல இப்பத்தான் பந்தியில உக்காந்தேன். இலை போட்டுருக்கு, சோறு வரல."

"அப்பப் படு. அரைகுறையா விட்டுறாத."

ஒரு தலையணையோடு கழுத்து வலிக்கிறது என்று எழுதிய சீட்டு வந்திருந்தது. அனுப்பியவர் கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற தாசில்தார். அந்தத் தலையணையைச் சன்னாசி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். அன்று முழுக்கப் படுத்தும் அவன் கழுத்து வலிக்கவில்லை. அப்படியானால் குறை எங்கே இருக்கிறது என்று புரிந்துபோயிற்று. தாசில்தாருக்குப் போன் போட்டான்.

"சார், தலையணையை நல்லா சோதிச்சுட்டோம். அதுல ஒரு பழுதும் இல்ல. நீங்க கழுத்தை அனுப்பி வைங்க, பாத்துருவோம்."

"என்னது?"

"கழுத்து சார். ஆனா எங்ககிட்ட இருக்கிறது சின்னப் பெட்டிதான். கொஞ்சம் மடிச்சு வச்சீங்கன்னா சௌகரியம்."

தாசில்தார் அதற்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதையும் சன்னாசி கோபப்படாமல் கேட்டுக்கொண்டான்.

மறுநாள் வேலுத்தாய் கூப்பிட்டாள். பேரன் பிறந்திருக்கிறான் என்றாள்.

"சந்தோசம் மதினி. ஆனா உங்க மக பொம்பளப் பிள்ளதானே வேணும்னு சொல்லிக்கிட்டிருந்துச்சு?"

"ஆமா தம்பி. நாம கேக்குறதா கெடைக்குது?"

"பதறாதீங்க. கேட்டது ஒண்ணு, வந்தது ஒண்ணுன்னா ஒரு வாரத்துக்குள்ள மாத்திக்கிறலாம். ஆசுபத்திரியில பிள்ள கையில கட்டிவிட்டுருப்பாகல்ல ஒரு சீட்டு, அதை மட்டும் கிழிச்சிராதீங்க."

லைன் சரியில்லை போலிருக்கிறது என்று வேலுத்தாய் வைத்துவிட்டாள்.

மாசக் கடைசி நெருங்கியது. கம்பெனிப் பெண் மறுபடி அழைத்தாள். இந்தத் தடவை மரியாதை இன்னும் கூடியிருந்தது. "சார், இதான் கடைசி. ரிட்டர்ன் எந்த வழியா வருதுன்னு கண்டுபிடிங்க. அந்த வழியை அடைச்சாத்தான் கடை பிழைக்கும்."

சன்னாசிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மதினி முகத்தில் எப்படி விழிப்பது? மூவரும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கண்காணித்தார்கள். வந்த ரிட்டர்ன் அத்தனையும் வாசல் வழியாகத்தான் வந்தது.

"ஒண்ணு கூட வேற வழியா வரலையா?" என்று கேட்டான் சன்னாசி.

"ஒண்ணு கூட இல்ல," என்றான் ஒச்சப்பன். "இத்தனை நாளா கண்ணு முன்னாடி இருந்துருக்கு. நாமதான் கவனிக்கல."

காமுத்துரை முன்பு கொத்தனாரிடம் கையாளாக இருந்தவன். செங்கல்லும் சிமெண்டும் வந்தன. சாயந்திரத்துக்குள் வாசலைச் சுவராக்கிப் பூசியும் விட்டார்கள். கடைசிக் கல் வைத்த பிறகுதான் மூவரும் உள்ளே இருப்பது சன்னாசிக்குத் தெரிந்தது. அவன் கலங்கவில்லை. எல்லோரும் வெளியே நின்றிருந்தால் வேலையை யார் பார்ப்பது?

உயரத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. கையிருப்புப் பெட்டிகள் தீர்ந்துபோனதால், வேறு வழியில்லாமல் உறையும் பஞ்சுமாக முழுத் தலையணையைச் சாக்கில் தைத்து, விலாசம் எழுதி அந்த வழியாகத் தள்ளினார்கள். கூரியர்க்காரர் கீழே நின்று பிடித்துக்கொண்டார். பழைய ரிட்டர்ன் கொண்டுவந்த வேன்காரர் வாசலைத் தேடிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

ஒச்சப்பன் பெண்டாட்டி தூக்குவாளியில் இட்லி கொண்டுவந்து ஜன்னலில் நீட்டினாள். சன்னாசி தடுத்தான்.

"வெளியேருந்து வருதே, இது ரிட்டர்ன் இல்லையா?"

"இந்த இட்லி இங்கேருந்து போனதில்லையே," என்றான் ஒச்சப்பன். "போகாதது எப்படித் திரும்பி வரும்?"

அது நியாயமாகப் பட்டது. சாப்பிட்டுவிட்டுக் காலி வாளியை வெளியே கொடுத்தார்கள். அடுத்த நாள் அதே வாளி வந்தது. அது நேற்று இங்கேயிருந்து போன வாளி. மூவரும் பசியோடு பார்த்துக்கொண்டிருக்க, சன்னாசி கண்ணீரை அடக்கிக்கொண்டு அதைத் திருப்பி அனுப்பினான். அதன்பிறகு அவள் தினம் ஒரு வீட்டில் வேறு வேறு பாத்திரம் இரவல் வாங்கவேண்டி வந்தது.

மாசம் முடிந்ததும் கம்பெனிப் பெண் அழைத்தாள். "சார், கொஞ்ச நாளா ஒரு ரிட்டர்ன் கூட இல்ல. வாங்குனவங்களும் தலையணை அருமைன்னு எழுதியிருக்காங்க. கடையை எடுக்கப் போறதில்ல. எப்படி சார் செஞ்சீங்க?"

"ஒண்ணுமில்லம்மா," என்றான் சன்னாசி அடக்கமாக. "கொஞ்சம் சிமெண்ட் வாங்குனோம்."

அந்த வாரமே வேலுத்தாய் பேரன் பிறந்த மிட்டாயோடு வந்து இறங்கினாள். வாசல் இருந்த இடத்தில் சுவர் நின்றது. தெரு மாறி வந்துவிட்டோமோ என்று கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு சுவரைத் தட்டினாள்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"நான்தான் தம்பி. திரும்பி வந்துட்டேன்."

உள்ளே மூன்று பேரும் கிசுகிசுவென்று என்னவோ பேசிக்கொண்டார்கள். ஒரு பெஞ்சை இழுக்கிற சத்தம் கேட்டது. ஜன்னலில் சன்னாசியின் முகம் மெல்ல எழுந்தது. இப்படி ஆகிவிட்டதே என்று அவன் கண் கலங்கியிருந்தது.

"மனச விட்டுறாதீங்க மதினி," என்றான். "மதுரையில என்ன காரணம் சொல்லித் திருப்பி அனுப்புனாக? அளவு சேரலையா, இல்ல படத்துல பாத்த மாதிரி இல்லன்னுட்டாகளா?"