தலைக் கிறிஸ்துமஸ் வான்கோழி

"மைனி, எனக்குப் பயமா இருக்கு" என்றாள் கொர்னேலியா.

"இருக்கட்டும்" என்றாள் ரோஸ்லின்.

இருவரும் கான்வென்டில் ஒரே பெஞ்சில் இருந்து அடி வாங்கியவர்கள். கொர்னேலியாவின் அண்ணனைக் கட்டிக்கொண்டதால் ரோஸ்லின் மைனி ஆனாள். முழு வான்கோழியை எண்ணெயில் பொரிக்கத் தெரிந்தவள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான் என்பதால் இப்போது குருவும் ஆனாள்.

அவளுடைய இடது புருவம் கண்மையால் வரைந்தது. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை.

"மாப்பிள்ளைக்குத் தலைக் கிறிஸ்துமஸ். அமெரிக்காவுல முழுசாப் பொரிச்சுத் தின்னு பழகிட்டாராம். வெட்டிக் குழம்பு வச்சா துரைக்கு இறங்காதாம்."

"அதுக்கா பயம்?"

"அதுக்கில்ல. அவுக படுத்திருக்காக. தீப்பிடிச்சா நான் ஓடிருவேன். அவுக எப்படி ஓடுவாக?"

கொர்னேலியாவின் கணவர் ஜெரோமுக்குப் பக்கவாதம். கட்டிலிலிருந்து இறக்கவே ஆள் வேண்டும்.

ரோஸ்லின் செருப்பை மாட்டினாள். "வா ஏட்டி, சட்டியக் காட்டு."

அடுப்பும் சட்டியும் ஜெரோமின் சன்னலுக்கு வெளியே, கீற்றுக் கொட்டகையின் கீழ் இருந்தன. அவர் படுத்தபடியே பார்க்கட்டும் என்று கொர்னேலியா ஆசையாக வைத்திருந்தாள்.

ரோஸ்லின் கீற்றை அண்ணாந்து பார்த்தாள். சன்னலைப் பார்த்தாள். பிறகு கொர்னேலியாவைப் பார்த்தாள்.

கொர்னேலியா சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லையின் நடுவே, வெறும் வானத்தின் கீழே போய் வைத்தாள். அடுப்பும் பின்னாலேயே வந்தது.

கூடவே ஒரு வாளித் தண்ணீரும் வந்தது.

"இது எதுக்கு?"

"தீப்பிடிச்சா ஊத்த."

ரோஸ்லின் வாளியை முருங்கை மரத்தடியில் கவிழ்த்தாள். மணலை அள்ளி நிரப்பினாள்.

"கொதிக்கிற எண்ணெய்கிட்ட தண்ணி வரவே கூடாது. சொல்லு."

"தண்ணி வரவே கூடாது."

"நல்ல பிள்ள."

வான்கோழியின் வயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"உள்ள இன்னும் ஐஸ். நாளைக்கு வாறேன்."

"விருந்தே நாளைக்குத்தான் மைனி."

"பிந்திச் சாப்பிட்டா துரை செத்துர மாட்டாரு."

மறுநாள் அவள் கோழியை வெறும் சட்டிக்குள் இறக்கி, அது முங்கும் வரை தண்ணீர் ஊற்றினாள். கோழியை வெளியே எடுத்தாள். தண்ணீர் தாழ்ந்து நின்ற இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறினாள்.

"எண்ணெய் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டுனா பொங்கி அடுப்புலதான் விழும்."

பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சட்டியை ஈரம் போகக் காய வைத்தாள். கோழியைத் துடைக்க ஜெரோமின் பழைய வேட்டியைக் கொடுத்தாள். கொர்னேலியா துடைத்தாள். சிறகுக்கு அடியில், வயிற்றுக்குள், கழுத்துத் தோலுக்குள்.

"மஞ்சத் தண்ணியில கடைசியா ஒரு அலசு அலசிரட்டா?"

"அலசு. நான் வீட்டுக்குப் போறேன்."

அலசவில்லை.

எண்ணெய் காய்ந்தது. சட்டிக்கு மேலே காற்று நெளிந்தது. சன்னலுக்குள்ளிருந்து ஜெரோம் இருமினார்.

கொர்னேலியா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"இப்பவும் பயமாத்தான் இருக்கு மைனி."

"இருக்கட்டும். அடுப்ப அணை. கோழி உள்ள இறங்கினப்புறம் பத்த வச்சுக்கலாம்."

கொர்னேலியா அணைத்தாள். கோழியை மாட்டி இறக்கும் கொக்கியை எடுக்கக் குனிந்தாள். எடுக்கவில்லை.

இடுப்பில் செருகியிருந்த சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை உருவித் திறந்தாள். நெற்றியில் சிலுவை போட்டாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சட்டிக்கு மேலே கையை நீட்டினாள்.

ரோஸ்லின் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

ஒரு சொட்டு மட்டும் தப்பிவிட்டது.

எண்ணெய் படாரென்று வெடித்தது. கொர்னேலியாவின் செருப்பை ஒட்டி மணலில் ஏதோ சீறி அடங்கியது.

பாட்டிலில் மிச்சமெல்லாம் அப்படியே இருந்தது.

"தண்ணி வரக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"இது தண்ணி இல்ல மைனி." கொர்னேலியா கண்ணைத் திறந்தாள். "வேளாங்கண்ணித் தீர்த்தம். அவுகளுக்கு ஒண்ணும் ஆகிரக் கூடாதுன்னுதான்."

ரோஸ்லின் பிடியை விடவில்லை. மறு கையால் முந்தானையை எடுத்துத் தன் இடது புருவத்தை அழுத்தித் துடைத்தாள்.

மை வந்துவிட்டது. அங்கே வழுவழுவென்று தோல்தான் இருந்தது.

"நான் தெளிச்சது லூர்து தீர்த்தம்" என்றாள்.