மாயப் பெட்டியும் வெள்ளிக்கோலும்

கதையின் கடைசிப் பத்தியை முதலில் படிக்கிற ஆசாமிகள் இப்போதே நடையைக் கட்டலாம். மற்றவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மேஜிக்காரன் கை காட்டுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துதான் போவீர்கள்.

கடலூரில் மாயச்சக்கரவர்த்தி கிரி என்றொரு மேஜிக்காரர் இருந்தார். அப்பா வைத்த பேர் விருத்தகிரி. கறுப்புக் கோட்டும் முறுக்கிய மீசையுமாக மேடையில் நின்றால் ஆள் பார்க்க அம்சமாக இருப்பார். அவர் குழுவில் பேர்போன ஆட்டம் மாயப் பெட்டி. குழுவில் வேலை செய்த அஞ்சலாட்சி அதற்குள் இறங்கி உட்காருவாள். பெட்டியைப் பூட்டிச் சங்கிலி போடுவார்கள். கிரி கோலை மூன்று சுற்றுச் சுற்றுவார். திறந்தால் பெட்டி காலி. ஜனங்கள் பிளந்த வாயை மூடுவதற்குள், அவர்கள் முதுகுக்குப் பின்னால் கொட்டகை வாசலில் அஞ்சலாட்சி கைகூப்பி நிற்பாள்.

எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். மேஜிக்காரர்கள் சங்கத்தில் சேருகிறவர், குத்துவிளக்கின் மேல் கை வைத்து, ரகசியத்தை வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். அஞ்சலாட்சி சத்தியம் செய்யவில்லை. பெட்டிக்குள் போகிறவர்களைச் சங்கத்தில் சேர்க்கும் வழக்கம் கிடையாது. ஆனாலும் பதினோரு வருஷமாக அவள் கட்டின புருஷனிடம்கூட மூச்சு விட்டதில்லை. நடுவில் பிரசவத்துக்கு ஆறு மாதம் தாய்வீடு போனாள். அந்த ஆறு மாதத்தில் இரண்டு பெண்களைப் பழக்கிப் பார்த்த கிரி, கடைசியில் தொப்பியிலிருந்து புறா விட்டே காலத்தை ஓட்டினார்.

சங்கத்தைத் தொடங்கியவர் சாவதற்கு முன் ஒரு வெள்ளிக்கோலைச் செய்து வைத்து, கூடவே ஒரு வரியும் எழுதி வைத்திருந்தார்: ‘எவர் இல்லாவிட்டால் அதிசயம் நடக்காதோ, கோல் அவருக்கு.’ ஒரு வருஷம் ஆண்டு விழாவில் அந்தக் கோல் மாயப் பெட்டி ஆட்டத்துக்கு என்று தீர்ப்பானது. வம்பும் அங்கேதான் பிறந்தது.

மாலை போட்டுக்கொள்ளக் கிரி தலையைக் குனிந்த நேரம், பெட்டியைச் செய்த ஞானமுத்து ஆசாரி முன்வரிசையிலிருந்து எழுந்தார். பெட்டி இல்லாமல் மாயப் பெட்டி ஏது, கோல் தனக்குத்தான் என்றார். பழைய பெட்டியைக் கரையான் தின்றபோது திருச்சியில் இரவல் வாங்கிய பெட்டியில் நாலு மாதம் ஆட்டம் நடந்ததே, அதைவிட இது எவ்வளவு நேர்த்தி என்று கேட்டார். கிரி விடவில்லை. ஜனங்கள் நம்புவது தன் பேச்சை, தன் கோலை என்றார். தனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மச்சான் தன் கோட்டை மாட்டிக்கொண்டு மேடையில் நின்றாரே, தன் கம்பீரம் அவருக்கு உண்டா என்றார். அப்போதும் கைதட்டல் குறையவில்லை என்பதை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

அப்போது அஞ்சலாட்சி மைக் பக்கம் வந்தாள். கோல் எனக்கு என்றாள்.

“பெட்டிக்குள்ள போறவளுக்குக் கோல் எதுக்கும்மா?” என்று கிரி சிரித்தார். “மந்திரம் என் கையிலதான இருக்கு?”

கூட்டமும் சிரித்தது. அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. பதினோரு வருஷம் எலும்பை மடக்கி உட்கார்ந்த கோபம் அது.

சங்கச் செயலாளர் வைத்திலிங்கம் சமாதானமாக, விருந்தாளிகளுக்காக ஆட்டத்தை இன்னொரு தடவை போட்டுவிட்டுக் கிரியிடம் கோலைக் கொடுத்துவிடலாம் என்றார். அஞ்சலாட்சி மறுபேச்சுப் பேசாமல் பெட்டிக்குள் இறங்கினாள். பூட்டு, சங்கிலி, மூன்று சுற்று. கிரி பெட்டியைத் திறந்தார்.

உள்ளே அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

எங்கோ மாட்டிக்கொண்டாள் என்று நினைத்துக் கிரி அவசரமாக மூடி, மறுபடி கோலைச் சுற்றினார். திறந்தார். அவள் அசையவில்லை. மூன்றாம் தடவை கோட்டெல்லாம் வியர்வையாகத் திறந்தபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“கோலு உங்க கையிலதான இருக்கு மாஸ்டர். மறைய வைங்க.”

கூட்டம் மறுபடி சிரித்தது. இந்தத் தடவை கிரியைப் பார்த்து.

அந்த நிமிஷமே உனக்கு வேலை இல்லை என்றார் கிரி. செயலாளர் இன்னும் ஒருபடி மேலே போனார். சங்கத்தின் ரகசியத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாள், இனி எந்தக் குழுவும் அவளை மேடை ஏற்றாது என்றார். அவள் வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையில்தான். அது தெரிந்துதான் உட்கார்ந்தாள்.

பெட்டிக்குள்ளேயே எழுந்து நின்று கேட்டாள்: “இப்படிப் போறேன், அப்படி வரேன்னு ஒரு வார்த்த சொன்னேனா? சும்மா உக்காந்திருந்தேன். உக்காந்தது குத்தம்னா எழுதிக்குங்க. கோல குடுத்துட்டு எழுதுங்க.”

பெட்டி செய்த ஆசாரி, கோல் சுற்றிய கிரி, அசையாமல் உட்கார்ந்த அஞ்சலாட்சி. வாசகரே, நியாயமாக வெள்ளிக்கோல் யாருக்கு?

*விடை:* அஞ்சலாட்சிக்குத்தான். ஆசாரியின் பெட்டி இல்லாதபோது இரவல் பெட்டியில் ஆட்டம் நடந்தது. கிரி படுத்தபோது மச்சானின் கையில் நடந்தது. அவள் இல்லாத ஆறு மாதம் நடந்தது புறா மட்டுமே. ரகசியத்தை அவள் உடைக்கவும் இல்லை. அன்று கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் அவள் எப்படி மறைகிறாள் என்பது இன்றுவரை தெரியாது, எனக்கும் தெரியாது. சங்கத்தார் எழுதி வைத்த வரியை நாலு தடவை படித்துப் பார்த்து, வேறு வழியில்லாமல் கோலை அவளிடம் கொடுத்தார்கள். கையோடு குத்துவிளக்கையும் கொண்டுவந்து வைத்து, இனி நீயும் சங்கத்து ஆள், சத்தியம் செய் என்றார்கள். அவள் கோலை இடுப்பில் செருகிக்கொண்டாள். “சத்தியம் பண்ணாமலே பதினோரு வருசம் காப்பாத்தியிருக்கேன். வெளக்க எடுத்து உள்ள வைங்க” என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனாள்.